கரப்பான் வந்த குழந்தையைப் பட்டினி போடாதீங்க!



இந்தப் பகுதியில் எத்தனையோ சகோதரிகள் சமையல், கைவேலை, வீட்டு வைத்தியம் என்று எழுதுகிறார்கள். நான் ஒன்று விடாமல் படிப்பேனே தவிர, எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஏற்காட்டிலிருந்து சேலம் போகும் பஸ்சில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தாள். மடியில் எட்டு மாதக் குழந்தை. இரண்டு கன்னமும் சிவந்து, நீர் கோத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. கேட்டதற்கு, "கரப்பானுங்க அக்கா. தாய்ப்பால் குடிக்கிற புள்ளைனு நான் பால், முட்டை, கத்தரிக்கா ஒண்ணையும் தொடறதில்ல. மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க. போட்டா ரெண்டே நாள்ல போயிருது, விட்டா மறுபடி வந்துருது" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பேசிய அதே பேச்சு! இறங்கும்வரை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்தும் என் கதை முடியவில்லை. மீதியை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஆத்தூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறார். ஏறக்குறைய 5,000 அடி உயரம். மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துணி காயாது. மார்கழி, தை வந்தால் வாடைக்காற்று பெரியவர்கள் உதட்டையே பிளந்துவிடும். சின்னவனுக்கு நாலு மாதம் ஆனபோது கன்னத்தில் சிவப்பாக ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம் என்று பரவியது. ராத்திரி பூராவும் சொறிவான். காலையில் தலையணை உறையில் ரத்தத் திட்டு இருக்கும். பிள்ளையும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

என் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "மாசமா இருக்கறப்ப கருவாடும் கத்தரிக்காயும் வேண்டாம்னு சொன்னேன், கேட்டியா? கரப்பான் பதார்த்தம் தின்னா புள்ளைக்குக் கரப்பான் வராம என்ன வரும்?" என்பதுதான். அவர்களைக் குற்றம் சொல்லி எழுதவில்லை. அவர்களுக்கு அவர்கள் மாமியார் சொன்னது அது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி ராத்திரி நடந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்த வார்த்தை என் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. என் வாயால்தானே பிள்ளை இந்தப் பாடு படுகிறான் என்று அழாத நாளில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில் வரிசையாகத் தப்பு செய்தேன். முதலில் எனக்குப் பத்தியம். அவன் சோறு தின்ன ஆரம்பித்ததும் அவனுக்கும் பத்தியம். பால், தயிர், முட்டை, நிலக்கடலை, மீன் எல்லாம் நின்றுபோய், கடைசியில் ரசம் சாதமும் இட்லியும்தான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் புண்ணின் மேல் பூசினேன். வீல் என்று கத்துவான். அரிப்புக்கு இதமாக இருக்கும் என்று சுடச்சுட வெந்நீர் ஊற்றி, வாசனை சோப்பு போட்டுத் தேய்த்தேன். கடைசியாகத்தான் அந்த ட்யூப். ஒரு மருந்துக் கடையில் சொல்லிக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். போட்ட ரெண்டாம் நாள் கன்னம் பட்டுப்போல ஆகிவிட்டது. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நிறுத்தினால் வரும், வந்தால் போடுவேன். அஞ்சு மாதம் இப்படியே ஓடியது. அப்புறம் பார்த்தால் கன்னத்துத் தோல் மெலிந்து உள்ளே சிவப்பு நரம்பு தெரிகிறது, பூனைமுடி வளர்கிறது. ட்யூப் போடாத நாளில் முன்னைவிட ரெண்டு பங்காகக் கிளம்புகிறது.

ஒரு விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் பேத்தியை இழுத்துத் தள்ளி உட்கார வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளே சேலம் அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்தையும் கூட வந்தார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் தோலைப் பார்க்கவில்லை. எடை போடச் சொன்னார்கள். ஒன்றரை வயசுப் பிள்ளை, எட்டரை கிலோ! "கரப்பான் புள்ளைய ஒண்ணும் பண்ணலைமா. உங்க பத்தியம்தான் பண்ணிருக்கு" என்றார்கள். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

பிறகு பொறுமையாக விளக்கினார்கள். "சுவத்துல பூச்சு உதிர்ந்துட்டா மழைத்தண்ணி உள்ள இறங்குதில்ல? இந்தக் குழந்தைங்க தோல் அந்த மாதிரி. உள்ள இருக்கற ஈரம் நிக்காம காஞ்சு போகும். வெளிய இருக்கற தூசி, சோப்பு, கிருமி சுலபமா உள்ள போகும். அதான் அரிப்பு." தோலுக்கு அந்தப் பூச்சைக் கொடுக்கும் 'ஃபிலாக்ரின்' என்ற புரதம் சில பேருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2006-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்களாம். எல்லாக் குழந்தைக்கும் இது ஒன்றே காரணம் இல்லை என்றாலும், பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டாம். இந்த எக்ஸிமாதான் நாம் சொல்லும் கரப்பான். இது தொட்டால் ஒட்டுகிற நோயே இல்லை.

"உங்க குடும்பத்துல யாருக்காச்சும் வீசிங், அடுக்குத் தும்மல் உண்டா?" என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயசில் வீசிங் இருந்தது. அத்தை மெல்ல, "இவனுக்குத்தானுங்க இருந்துச்சு" என்றார்கள். "யார் மேலயும் தப்பில்லைங்கம்மா. மாசமா இருக்கறப்ப கத்தரிக்கா தின்னதால இது வரல" என்று டாக்டரம்மா சொன்னதும், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒன்றரை வருஷ பாரம் சகோதரிகளே!

இனி, அவர்கள் சொல்லி நாங்கள் இன்றுவரை கடைப்பிடிப்பதை எழுதுகிறேன்.

குளியல்: தினம் ஒரு தடவை, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், அஞ்சிலிருந்து பத்து நிமிஷத்துக்குள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோலில் மிச்சம் இருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். வாசனை சோப்பு, குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவது, நார் போட்டுத் தேய்ப்பது, எதுவும் கூடாது. துண்டால் ஒத்தி எடுக்க வேண்டும்.

எண்ணெய்ப் பூச்சு: இதுதான் முக்கியம். குளித்து மூன்று நிமிஷத்துக்குள், உடம்பில் ஈரம் இருக்கும்போதே பூசிவிட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தடவை. எங்களுக்கு ஆஸ்பத்திரியில் பாரஃபின் கொடுத்தார்கள். வாசனை சேர்க்காத வாசலினும் நல்லது. சுத்தமான தேங்காய் எண்ணெயும் உதவும். பிலிப்பைன்ஸ் நாட்டில் இந்தத் தொல்லை உள்ள குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்து, பலன் இருந்தது என்று 2014-ல் எழுதியிருக்கிறார்களாம். ஆனால் நீர் வடியும் புண்ணின் மேல் எதையும் நாமாகப் பூசக்கூடாது. தோல் நன்றாக இருக்கும் நாளிலும் பூச்சை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் சுவர்ப் பூச்சு மறுபடி உதிரும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாரஃபின், வாசலின் ஊறிய துணியில் நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். பூசிய பிள்ளையை அடுப்புப் பக்கத்திலோ, குளிர் காய்கிற நெருப்புப் பக்கத்திலோ விடாதீர்கள். அந்த உடுப்பையும் போர்வையையும் அடிக்கடி துவையுங்கள். துவைத்தாலும் பசை முழுக்கப் போகாது என்பதால் நெருப்பு விஷயத்தில் எப்போதும் ஜாக்கிரதை வேண்டும்.

மருந்து ட்யூப்: நான் போட்டது வீரியமான ஸ்டீராய்டு க்ரீம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததும் ஸ்டீராய்டுதான் என்று தெரிந்ததும், 'ஐயோ, மறுபடியுமா' என்று பயந்து ரெண்டு வாரம் போடவே இல்லை. அதுவும் தப்பு! புண் முற்றிவிட்டது. "அரிவாள்மணையில ஒரு தடவ விரல வெட்டிக்கிட்டா, அப்புறம் காயே நறுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். முகத்துக்கு லேசான வீரியம், கை காலுக்கு வேறு வீரியம், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று டாக்டர் கணக்கு வைத்திருக்கிறார். அளவு இதுதான்: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும்.

கடையில் கேட்டு வாங்குவதுதான் ஆபத்து. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. ட்யூபில் குளோபீட்டசால், பீட்டாமெதாசோன், மொமெட்டசோன் என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டர் சொல்லாமல் குழந்தை முகத்தில் தடவாதீர்கள்.

உடுப்பு, படுக்கை: குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர் போடாமல் முடியாது. உள்ளே முழுக்கைப் பருத்தி பனியன் போட்டுவிட்டு மேலே ஸ்வெட்டர் போடுகிறேன். வெயில் அடிக்கிற நாளில் போர்வை, தலையணை எல்லாம் வெளியே வந்துவிடும். குளித்ததும் சாம்பிராணி காட்டுவதை நிறுத்திவிட்டோம். நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுகிறேன். அரிக்கும்போது 'சொறியாதே' என்று அதட்டினால் பிள்ளை கேட்காது. அந்த இடத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக் கொடுத்து, கையில் விளையாட ஏதாவது கொடுப்பேன். கீழ்நாட்டுச் சகோதரிகளுக்குக் குளிர் இல்லாவிட்டாலும் கோடை வியர்வை அரிப்பைக் கிளப்பும். வியர்த்தால் துடைத்து, பருத்தி உடுப்பு மாற்றிவிடுங்கள்.

சாப்பாடு: சில குழந்தைகளுக்கு முட்டையோ பாலோ நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது. தின்ற கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் சாப்பாடு இல்லை. நாமாக ஒவ்வொன்றாக நிறுத்தினால் வளர்ச்சிதான் நின்றுபோகும். தடுப்பூசியையும் இதற்காகத் தள்ளிப் போட வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய சமயங்களும் உண்டு. மஞ்சளாகப் பொருக்குக் கட்டிச் சீழ் வைத்தால், காய்ச்சலோடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் திடீரென்று கூட்டமாகக் கிளம்பினால், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். வாயோரம் கொப்புளம் வந்திருப்பவர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், இந்தக் குழந்தைகளை முத்தமிடக் கூடாது. அந்தக் கிருமி இவர்களுக்கு ரொம்ப ஆபத்து. இன்னொன்று, வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் விரல் இடுக்கு, மணிக்கட்டில் அரித்தால் அது கரப்பான் இல்லை, சொறி சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும். அதற்கு மருந்தும் வேறு, வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் போட வேண்டும்.

சின்னவனுக்கு இப்போது நாலரை வயசு, 15 கிலோ இருக்கிறான். முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வாடைக்காற்று ஆரம்பித்தால் முழங்கால் பின்பக்கம் இன்னும் அரிக்கத்தான் செய்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும் என்கிறார்கள். காத்திருக்கிறோம். ஆனால் ராத்திரி தூங்குகிறான், தலையணை உறை வெள்ளையாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவனைத் துரத்திப் பிடிப்பது யார் தெரியுமா? எங்கள் அத்தைதான்! போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். தட்டில் கத்தரிக்காய்ப் பொரியலை ஒதுக்கி வைத்தாள். "தின்னு கண்ணு, அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்று அத்தை சொன்னபோது, நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்சில் பார்த்த அந்தத் தங்கச்சி இதைப் படித்தால், அன்றைக்குச் சொல்ல மறந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. நீயும் வயிறாரச் சாப்பிடு.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி,
ஏற்காடு.