ஐவிஎஃப் குழந்தையின் ஆரோக்கியம்: டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி

"ஐவிஎஃப்ல பிறக்குற குழந்தை நார்மலா இருக்குமா?" பலரும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. இன்னிக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்.

உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர். பின்னாளில் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தாயானார். சந்தோஷமான விஷயம்தான். ஆனா ஒரு ஆளை வச்சு முடிவுக்கு வர முடியாது.

ஐவிஎஃப் குழந்தைகளில் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் சற்று அதிகம். இது உண்மை. காரணம் சிகிச்சையா, இல்ல குழந்தை தள்ளிப்போகக் காரணமாயிருந்த பெற்றோரின் உடல்நிலையா? கோடுல பக் வந்தா, மத்ததெல்லாம் அப்படியே வச்சுட்டு ஒண்ணை மட்டும் மாத்திப் பார்ப்போம் இல்லையா? நார்வேயில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். ஒரே தாய்க்குச் சிகிச்சையில் ஒரு பிள்ளை, இயற்கையாக இன்னொரு பிள்ளை; இருவரையும் ஒப்பிட்டார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போனது. பின்னர் வந்த சில ஆய்வுகளில் சின்ன வித்தியாசம் மிஞ்சியது.

பெரிய ஆபத்து வேற இடத்துல இருக்கு: ரெட்டைக் குழந்தை. "இவ்வளவு செலவு பண்றோம், ரெண்டா பிறந்தா ஒரே செலவுல முடிஞ்சிடும்" என்று நம்மூரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதைக் கேட்டாலே பதறும். ரெட்டையரில் ஏறக்குறைய பாதிப்பேர் 37 வாரம் முடிவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். இன்குபேட்டர் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 36 வயதுக்குட்பட்ட பெண்களிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2004-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கரு. இன்னொரு குழுவுக்கு ஒரு கரு. பலிக்கலைன்னா உறைய வைத்த இன்னொன்று. குழந்தை பெற்றவர்கள் முதல் குழுவில் சுமார் 43 சதவீதம், இரண்டாவதில் 39. அந்தப் பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தை பிறந்தது முதல் குழுவில் 33 சதவீதம். இரண்டாவதில் 1 சதவீதத்துக்கும் கீழே!

அதனால டாக்டர்கிட்ட, "எத்தனை கரு வைக்கப் போறீங்க? மிச்சத்தை உறைய வைக்க முடியுமா?" என்று கேளுங்க.

இக்ஸி பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு விந்தணு குறைவு என்று இக்ஸி செய்தால், அதே குறை மகனுக்கும் வரலாம். பிரஸ்ஸல்ஸில் அப்படிப் பிறந்து வளர்ந்த 54 இளைஞர்களைப் பரிசோதித்தபோது, சராசரி எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. சின்ன ஆய்வுதான், பயப்பட வேண்டாம். ஆனா பையன் வளர்ந்ததும் அவன்கிட்ட இதைச் சொல்லிடுங்க.