பெற்றவளும் வளர்த்தவளும்: ஒரு திரைப்படம் எழுப்பும் வினா

கண்ணனுக்குத் தாய்மார் இருவர். வளர்த்தவளாகிய யசோதையின் நிலையில் நின்று அவன் பிள்ளைப்பருவத்தைப் பாடினார் பெரியாழ்வார். பெற்றும் வளர்க்கும் பேறு பெறாத தேவகியின் புலம்பலைக் குலசேகராழ்வார் பாடினார். பெரியாழ்வார் தாமும், துளசிச் செடியின் கீழ்க் கண்டெடுத்த குழந்தையை ஆண்டாளாக வளர்த்தவர் என்பது குருபரம்பரைச் செய்தி. இத்தகைய இரு தாய்மாரை ஒரே கதையுள் எதிரெதிரே நிறுத்திய தமிழ்ப்படம், மணிரத்தினம் இயக்கத்தில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. கண்ணம்மாவைக் குழந்தையாகக் கண்டு பாரதியார் பாடிய பாட்டிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது.

மாங்குளத்துப் பெண்ணாகிய சியாமா, கணவன் போராட்டத்துட் சென்றுவிட, கருவுற்ற நிலையிற் படகேறி இராமேசுவரம் சேர்கிறாள்; ஈன்ற பெண்மகவை அங்கேயே விட்டுத் தாய்நாடு மீள்கிறாள். எழுத்தாளனாகிய திருச்செல்வன் அக்குழந்தையைத் தத்தெடுக்க விழைகிறான்; மணமாகாதவனுக்கு அது தரப்படமாட்டாது என்றறிந்து இந்திராவை மணக்கிறான். எனவே இக்குடும்பத்தில் திருமணத்தாற் குழந்தை வந்ததன்று. குழந்தையால் திருமணம் வந்தது. அமுதா என்னும் அக்குழந்தை தன் ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மையை அறிகிறது. (அதனை அத்துணைத் திடீரென உரைத்தது தந்தையின் விவேகமின்மையே எனல் வேண்டும்.) அன்றுமுதல் பெற்றவளைக் காணவேண்டும் என்பதே அதன் பிடிவாதம்.

அன்புக்குக் குறைவில்லாத வீட்டில் இவ்வேட்கை ஏன்? நன்றிகேடு என்று இதனைக் கொள்வாருமுளர். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை இவ்வினாவை எளிதில் முடித்துவிட்டது. உறவினர் சம்மதத்தோடு மஞ்சள்நீர் பருகும் சடங்கு நிகழ்ந்தால், சுவீகாரப் பிள்ளை வளர்த்தோரின் உரிமைக்கு உரியதாகும். பெற்றோரின் முதுசத்தில் அதற்குப் பங்கில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் வழக்கு வேறு. இங்கே குடி தாய்வழியே வருவது. இந்துக்களிடையே மட்டுமன்றி முஸ்லிம்களிடையேயும் இவ்வழக்கு உண்டு. ஒரே குடியார் தம்முள் மணம்புரியார். கோயிலுரிமைகளும் குடிவழியே வகுக்கப்பட்டுள்ளன. ஆதலின் ஒரு பிள்ளையை ஈன்றவள் யார் என்பது தெரியாவிடின், மணப்பேச்சில் எழும் முதல் வினாக்களுள் ஒன்றுக்கே விடையில்லாது போகும். போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பெற்றோரை இழந்து, பிறர் மடியில் வளர்ந்த பிள்ளைகள் இன்று மணவயது எய்தியுள்ளனர். அமுதாவின் பிடிவாதம் இவ்வூராருக்கு விளங்காத ஒன்றன்று.

ஆயினும் இதே வழக்கின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மருமகன் அங்கு வந்து வாழ்கிறான். சகோதரிகளின் வீடுகள் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்தடுத்தோ அமைகின்றன. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் உண்டது, எங்கே உறங்கியது என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. தாயின் தமக்கை பெரியம்மா, தங்கை சின்னம்மா. இரு சொற்களிலும் அம்மா இருக்கிறாள். அவர்கள் பிள்ளைகள் உடன்பிறந்தாராகவே எண்ணப்படுவர். ஈன்றவளின் குடி மாறாதிருக்க, வளர்க்கும் கைகள் பல.

இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்பவள் படத்தில் இந்திராவே. இரத்த உறவு அவளுக்கு இல்லை. மகளைப் பிறிதொருத்தியிடம் இழக்கும் அச்சமோ உண்டு. அவ்வச்சத்தோடே கடல்கடந்து போர்நிலம் புகுகிறாள். அமுதாவாக நடித்த கீர்த்தனா தேசிய விருது பெற்றது தக்கதே. எனினும் இந்திராவாக நடித்த சிம்ரனின் அடக்கமான நடிப்பும் அதற்குக் குறைந்ததன்று. ஈழத்துப் பேச்சுமொழி மட்டும் பலவிடத்தும் செவிக்கு ஒட்டவில்லை.

இறுதியிற் சந்திப்பு நிகழ்கிறது. அமுதா வினாக்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். தேவகியின் புலம்பலுக்காயினும் ஆழ்வார் ஒருவர் வாய்த்தார். சியாமாவுக்கோ அவற்றுட் பலவற்றுக்கு விடைகூற வாய் எழவில்லை. உடன்வருமாறு அழைத்தபோதும் அவள் வரவில்லை. அழைத்துவந்தவர்களுடனேயே குழந்தை திரும்புகிறது.