வாடகை வீட்டு றோசாவைப் பிடுங்க முன்

இங்கிலாந்தில் எங்களிடம் வந்த ஒரு குடும்பம், வீட்டு முன்றலில் நின்ற றோசாவைத் தை மாதத்தில் பிடுங்கி எறிந்துவிட்டது. வீட்டுக்காரர் இப்போது முற்பணத்தில் காசு கழிக்கப் பார்க்கிறார். "ஊரிலை இலையில்லாமல் நிண்டால் பட்ட மரம்தானே ரீச்சர்" என்றார் அந்த அம்மா. அவரில் பிழையில்லை. இங்கே றோசா பனிக்காலத்தில் இலை கொட்டி உறங்கும்.

கொப்பை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாய்க் காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தாலும் போதும்.

மாசிக் கடைசியில் அல்லது பங்குனியில், பட்ட கொப்பு, நோய்பிடித்த கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கொப்பு எல்லாவற்றையும் வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு 5 மி.மீ. மேலே சரிவாக வெட்ட வேண்டும். மெலிந்த கொப்பைக் கூடுதலாகக் குறையுங்கள். பயம் வேண்டாம், அதுதான் பலமாகத் துளிர்க்கும்.

கோடையில் இலையில் கரும்புள்ளி விழுந்து மஞ்சளாகிக் கொட்டினால் அது பூஞ்சண நோய். கொட்டிய இலையில் அது அடுத்த வருசம்வரை தங்கும். எனவே கூட்டி அள்ளிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், பசளைக் குவியலில் வேண்டாம். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலையில் அல்ல. உக்கிய பசளையை 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பலாம், தண்டில் முட்டக் கூடாது.

உண்மையிலேயே பட்டுப்போயிருந்தால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பதில் வரும்வரை செடி அங்கேயே நிற்கட்டும். முற்பணத்தில் கழிப்பதாகக் கடிதம் வந்தால், கையெழுத்து வைக்க முன் எங்களிடம் கொண்டு வாருங்கள்.