காற்று வருமா? பனி பெய்யுமா?
விடியற்காலையில் விடை சொல்லும் விந்தை ஊர்!

பொழுது இன்னும் விடியவில்லை. ஊர் உறங்குகிறது. ஆனால், ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அது பணக் கணக்கு அல்ல, காற்றுக் கணக்கு!

"இன்று காற்று எத்தனை மணிக்கு வரும்? எந்த வளைவில் வேகமாக வீசும்? மலை மேலே பனி பெய்யுமா, மழை பெய்யுமா?" இந்தக் கேள்விகளுக்கு அவர் விடை சொல்ல வேண்டும். அந்த விடைக்காக ஊரே காத்திருக்கும்.

இப்படி ஓர் ஊரா என்று வியப்பாக இருக்கிறதா? அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறது அந்த ஊர். பெயர், ஹூட் ரிவர். ஜனத்தொகை சுமார் 8 ஆயிரம்தான். சுற்றிலும் பேரிக்காய்த் தோட்டங்கள். ஊருக்கு முன்னே பெரிய கொலம்பியா நதி. தெற்கே, தலையில் வெள்ளை முண்டாசு கட்டியது போல ஹூட் சிகரம். அதன் உயரம் 11,249 அடி!

நதியில் காற்று விளையாட்டு. மலையில் பனி விளையாட்டு. கோடையின் தொடக்கத்தில் காலையில் மலையில் பனிச்சறுக்கு ஆடிவிட்டு, மாலையில் நதியில் பாய் விரித்து ஓடுகிறவர்களும் உண்டு!

மலையில் ஒரு வாசல்

அங்கே மட்டும் ஏன் அவ்வளவு காற்று?

மேற்கே பசிபிக் மாக்கடல். கிழக்கே வறண்ட பொட்டல் வெளி. இரண்டுக்கும் நடுவே காஸ்கேட் மலைத்தொடர் மதில் போல நிற்கிறது. அந்த மதிலைக் குடைந்துகொண்டு போகிறது கொலம்பியா நதி. சுமார் 80 மைல் நீளத்துக்கு அது ஒரு பள்ளத்தாக்கு. சில இடங்களில் அதன் ஆழம் 4 ஆயிரம் அடி!

கோடையில் கிழக்கே பொட்டல் வெளி கொதிக்கிறது. அங்கே காற்று சூடேறி, இலேசாகி மேலே போகிறது. கடல் பக்கத்துக் காற்றோ குளிர்ந்து கனமாக இருக்கிறது. கனத்த காற்று, இலேசான இடத்தை நோக்கி ஓடும். ஓட வழி வேண்டுமே! நதி குடைந்த வாசல்தான் வழி.

வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்தால், நடையில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது அல்லவா? அதே கதைதான். நம் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் ஆடி மாதம் காற்று சீறுவதும் இப்படி மலைக்கு நடுவே புகுந்து வருவதால்தான். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது அதற்காகத்தான்.

கொலம்பியா நதியின் காற்று புதிதல்ல. 1805-ம் ஆண்டு லூயிஸ், கிளார்க் என்ற இரு தளபதிகள் நாடு காணும் பயணமாகப் படகில் இந்த நதி வழியே கடலுக்குப் போனார்கள். நவம்பர் மாதத்தில் நதியின் முகத்துவாரத்தருகே காற்றும் அலையும் அவர்களைப் பல நாள் முடக்கிப் போட்டுவிட்டன!

அன்று பயணிகளுக்குத் தொல்லையாக இருந்த காற்று, 1980-ம் ஆண்டுக்குப் பிறகு ஊருக்கு வருமானமாகிவிட்டது. பாய் கட்டிய பலகைமீது நின்றபடி நீரில் பறக்கும் விளையாட்டு அப்போது பரவியது. மரம் அறுக்கும் தொழில் சரிந்து வாடிக்கிடந்த ஊருக்கு, காற்றைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கடைகள் திறந்தன. பிறகு, பெரிய பட்டத்தில் கயிறு கட்டி, அது இழுக்க நீரில் ஓடும் விளையாட்டும் வந்து சேர்ந்தது.

இரண்டு பாரமானிகள்

சரி, காற்று வருவதை எப்படி முன்கூட்டியே சொல்கிறார்கள்?

காற்றின் கனத்தை அளக்கும் கருவி பாரமானி. பள்ளத்தாக்குக்கு மேற்கே இருக்கிறது போர்ட்லண்டு நகரம். ஹூட் ரிவருக்குக் கிழக்கே இருக்கிறது தி டால்ஸ் என்ற ஊர். இரண்டு ஊர்களின் பாரமானிக் கணக்கையும் காலையில் ஒத்துப் பார்க்கிறார்கள். மேற்கே அதிகம், கிழக்கே குறைவு என்றால், மேல்காற்று வரும்! வித்தியாசம் கூடக் கூட வேகமும் கூடும். மொத்த அழுத்தம் ஆயிரம் மில்லிபாருக்குச் சற்று மேலே இருக்கும். அதில் சில மில்லிபார் வித்தியாசமே நதியைக் கலக்கிவிடப் போதும்!

மேகத்தையும் பார்க்க வேண்டும். மேற்கே கடல் மேகம் மூடியிருந்து, கிழக்கே வெயில் கொளுத்தினால் நல்ல சகுனம். மேகம் மலையைத் தாண்டிக் கிழக்கேயும் பரவிவிட்டால், அங்கே சூடு தணியும். காற்றும் சோர்ந்துவிடும்.

அரசாங்க வானிலை நிலையமும் தினம் அறிக்கை தருகிறது. ஆனால், அது பெரிய வட்டாரத்துக்குச் சொல்வது. நதியில் ஒரு வளைவில் காற்று ஊளையிடும். சில மைல் தள்ளி இலைகூட அசையாது! அதனால்தான் உள்ளூர் மலையையும் நதியையும் கரைத்துக் குடித்தவர்களின் சொல்லுக்கு அங்கே மதிப்பு.

வேகம் இரண்டு மடங்கு. விசை நான்கு மடங்கு!

"விளையாட்டுக்கு இவ்வளவு கணக்கா?" என்று கேட்கலாம்.

காற்றில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மணிக்கு 15 மைல் வேகத்தில் வீசும் காற்று 30 மைல் ஆனால், அது தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது! அதனால் இலேசான காற்றுக்குப் பெரிய பாய். பலத்த காற்றுக்குச் சிறிய பாய். தவறான பாயை எடுத்துப் போனால், ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பட்டம் கட்டி ஓடுகிறவரைத் தரையைவிட்டே தூக்கிவிடும்.

நதியோ மேற்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ கிழக்கு நோக்கி வீசுகிறது. இரண்டும் மோதும்போது அலை செங்குத்தாக எழும்புகிறது. விளையாட்டுக்காரருக்கு அதுதான் இன்பம். ஆனால், கோதுமை ஏற்றிய பெரிய தெப்பக் கப்பல்களும் அதே நதியில்தான் வருகின்றன. அவற்றைச் சட்டென்று நிறுத்த முடியாது. நடு ஆற்றில் பாய்மரம் முறிந்து தவிப்பவரின் கதி என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்!

மலையில் வேறு கணக்கு

மலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி வேறு. "பனியா, மழையா?"

ஆயிரம் அடி ஏறினால், உஷ்ணம் சுமார் 2 டிகிரி சென்டிகிரேடு குறையும். 3 ஆயிரம் அடி உயரத்தில் 6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 6 ஆயிரம் அடியில் அது பூஜ்யமாகிவிடும். அங்கேதான் இருக்கிறது டிம்பர்லைன் விடுதி. 1937-ம் ஆண்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திறந்து வைத்த விடுதி அது. கணக்கு 2 டிகிரி தவறினால் போதும். பனிக்குப் பதிலாக மழை கொட்டும். சறுக்க வந்தவர்கள் நனைந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்!

குளிர்காலத்தில் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடுவதும் உண்டு. கிழக்கே தேங்கிய குளிர்காற்று பள்ளத்தாக்கின் வழியே மேற்கே பாய்கிறது. அப்போது மலையின் மேலே இளஞ்சூடு, கீழே கடுங்குளிர்! மேலிருந்து விழும் மழைத்துளி, கீழே சாலையிலும் மரத்திலும் பட்டதும் கண்ணாடி போல உறைந்துவிடுகிறது.

பனிச்சரிவு எல்லாவற்றையும்விடக் கொடியது. காற்று, மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி, மறு பக்கத்தில் குவிக்கிறது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் அந்தக் குவியல் காத்திருக்கிறது. ஒரு மனிதரின் பாரம் ஏறினாலே போதும். சரிவு மொத்தமும் பெயர்ந்து வரும். இதற்காகவே வடமேற்குப் பனிச்சரிவு நிலையம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஹூட் சிகரத்துக்கும் அறிக்கை தருகிறது. ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள். பனிச்சரிவில் மாண்டவர்களில் பெரும்பாலோர், தாங்களோ தங்களோடு வந்தவரோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் சிக்கினார்கள்!

அந்த மூன்று நாட்கள்

இந்த மலையை அறிந்தவர்கள் 1986-ம் ஆண்டு மே மாதத்தை மறக்க மாட்டார்கள்.

மே 12-ந் தேதி. விடிவதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூடத்து மாணவ, மாணவிகளும் பெரியவர்களும் சிகரம் ஏறப் புறப்பட்டார்கள். வானிலை மோசமாகப் போகிறது என்ற அறிவிப்பு இருந்தது. சிலர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் ஏறினார்கள்.

சிகரத்தை நெருங்கும்போது புயல் வந்துவிட்டது. எங்கும் ஒரே வெள்ளை. எது வானம், எது தரை என்று தெரியவில்லை! இறங்கும் வழி தவறியது. ஒரு மாணவர் குளிரில் விறைத்துப் போனார். பனியைத் தோண்டிக் குகை அமைத்து, எல்லோரும் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

மறுநாள் காலை இரண்டு பேர் மட்டும் துணிந்து வெளியேறினார்கள். கண் தெரியாத பனியில் தட்டுத் தடுமாறி இறங்கி, உதவி கேட்டார்கள். ஆனால், குகை எங்கே? புதுப் பனி அதை மூடிவிட்டதே! மீட்புப் படையினர் நீண்ட கம்புகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடினார்கள். 15-ந் தேதிதான் குகை அகப்பட்டது. உள்ளே கிடந்த எட்டுப் பேரில் இருவரே பிழைத்தார்கள். மொத்தம் 9 உயிர்கள் பறிபோயின.

அறிவிப்பு இருந்தால் மட்டும் போதாது. திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பும் மனமும் வேண்டும். ஹூட் சிகரம் அன்று கற்பித்த பாடம் அது.

"தெரியாது" என்பதும் அறிவிப்பே

வானிலை சொல்கிறவர் மந்திரவாதி அல்ல. சில நாள் அவர் கணக்கும் பொய்க்கும். காற்று வரும் என்பார். நதி கண்ணாடி போலக் கிடக்கும். கரையில் பாயோடு காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

ஆனால், நல்ல கணிப்பாளர் தம் சந்தேகத்தை மறைப்பதில்லை. "இன்று உறுதியில்லை. மேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு தகப்பன் தன் மகனை ஆற்றில் இறங்காமல் நிறுத்தலாம். ஒரு கூட்டம் மலைப் பயணத்தை மறுவாரத்துக்குத் தள்ளிப் போடலாம்.

காற்றைக் கட்டி வைக்க யாராலும் முடியாது. ஆனால், அது வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெரிந்துவிட்டால், கரைக்குத் திரும்பலாம், மலையிலிருந்து இறங்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஹூட் ரிவரில் விடிவதற்கு முன்பே விளக்கு எரிகிறது!