பொட்டலத்தின் பின்பக்கம்: மறைந்திருக்கும் சர்க்கரையைக் கண்டுகொள்வது எப்படி?

மாலை ஆறரை மணிக்கு ஜாதவ்பூர் 8பி பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது டீக்கடைகள்தாம். மண் குவளையில் ஆவி பறக்கும் டீ. பக்கத்தில் கண்ணாடி ஜாடிகளில் பிஸ்கட். கடை முகப்பில் தோரணம் கட்டினாற்போல் தொங்கும் பளபளப்பான பொட்டலங்கள். அலுவலகம் விட்டு வரும் நம்மவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு, வீட்டில் காத்திருக்கும் குழந்தைகளுக்காக அந்தத் தோரணத்திலிருந்து இரண்டு பொட்டலங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு. ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கியிருக்கவும் வசதியில்லை. சுண்டலுக்கும் அடைக்கும் நேரமேது? பொட்டலம்தான் மாலைப் பலகாரம்.

அதன் விலை நமக்குத் தெரியும். அதனுள் எத்தனை தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது என்பது தெரியுமா? தெரிந்துகொள்ளும் வழி அதே பொட்டலத்தின் முதுகில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்துக்களில் அச்சாகியிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தில் தேடுவது இரண்டே விஷயங்கள்: விலை, தேதி.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்பது அதன் கணக்கு. நம்மைப் போலவே வங்காளிகளும் இந்த நோயை ‘சுகர்’ என்றுதான் சொல்கிறார்கள். சர்க்கரை தின்பது ஒன்றினால் மட்டும் இந்த நோய் வருவதில்லை. பரம்பரை, உடல் பருமன், உடலுழைப்பு இன்மை, மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் வாங்குகிறவர் அறியாமலே வீட்டுக்குள் நுழைவது பொட்டலத்துச் சர்க்கரை ஒன்றுதான்.

அளவு எவ்வளவு? உணவில் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் சக்தி, அன்றாட மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் கூறியது. வயது வந்தவருக்கு இந்த இரண்டாவது அளவு ஏறக்குறைய 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. தட்டையாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 கிராம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் சாதாரணக் கணக்கு. இந்த ஆறு கரண்டியில் டீக்கும் காபிக்கும் போடுவதும் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது.

முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம் நமக்கு

பொட்டலத்தின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் இருக்கும், தேன் சொட்டும், கேழ்வரகு குவிந்திருக்கும். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். பின்பக்கத்தில் ‘இன்கிரீடியன்ட்ஸ்’ என்று தொடங்கும் பட்டியலைப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலிலும், குறைந்ததைக் கடைசியிலும் எழுதவேண்டும் என்பது சட்டம். மைதாவுக்கு அடுத்த இடத்திலேயே சர்க்கரை நின்றால் விஷயம் புரிந்துவிடும். முன்பக்கத்தில் தேனையோ கேழ்வரகையோ பெரிதுபடுத்திக் காட்டினால், அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். படத்தில் குடம் குடமாகக் கொட்டும் தேன், பட்டியலில் வெறும் ஒன்றோ இரண்டோ சதவீதமாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

சர்க்கரை எப்போதும் சொந்தப் பெயரில் வருவதில்லை என்பதுதான் இங்கே சிக்கல். இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், கார்ன் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாறு கான்சென்ட்ரேட் – எல்லாம் இனிப்புக் குடும்பம்தான். பெயரின் முடிவில் ‘ஓஸ்’ என்ற ஓசை வந்தால் பெரும்பாலும் அது சர்க்கரையின் உறவினர் என்று கொள்ளலாம். ஒரே பட்டியலில் நான்கு பெயர்களில் பிரிந்து நின்றால், ஒவ்வொன்றும் தனித்தனியே கீழே இறங்கிவிடும். சேர்த்துப் பார்த்தாலோ மாவுக்குச் சமமாக வந்து நிற்கும். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அன்பர்களுக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரே செலவை நான்கு தலைப்புகளில் பிரித்து எழுதுவதை அவர்கள் பார்க்காததா?

மால்டோடெக்ஸ்ட்ரின் என்றொரு பொருளையும் கவனிக்கவேண்டும். இது மாவுச்சத்திலிருந்து தயாரிப்பது. ‘சுகர்ஸ்’ என்ற கணக்கில் இது பெரும்பாலும் சேராது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை விரைவாகவே ஏற்றிவிடும். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வாசகத்தை முன்பக்கத்தில் கண்டால், பின்பக்கத்தில் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது. ‘சுகர் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அதன்படியே இருந்தாலும் மைதா மைதாதான்.

இரண்டு பிஸ்கட் கணக்கு

பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். சக்தி, புரதம், கொழுப்பு என்று வரிசையாக வரும். அதில் ‘டோட்டல் சுகர்ஸ்’, அதன் கீழே ‘ஆடட் சுகர்ஸ்’ என்று இரண்டு வரிகள். முதலாவதில் பாலிலும் பழத்திலும் இயற்கையாக உள்ளதும் சேரும். நமக்கு வேண்டியது இரண்டாவது வரி, அதுவும் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற எண்.

கட்டத்தில் ‘பெர் செர்வ்’ என்று இன்னொரு கணக்கும் இருக்கும். ஒரு தடவைக்கு இவ்வளவுதான் தின்பார் என்று தயாரிப்பாளரே முடிவு செய்து எழுதுவது அது. இரண்டு பிஸ்கட் என்று போட்டிருப்பார்கள். பள்ளிவிட்டுப் பசியோடு வரும் பையன் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திய வீடு எது?

உதாரணத்துக்கு, க்ரீம் பிஸ்கட் பொட்டலம் ஒன்று 120 கிராம் எடை. 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 36 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வகைப் பிஸ்கட்டில் இது அசாதாரண அளவல்ல. ஒரு தடவைக்கு 20 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட் என்று எழுதினால், சர்க்கரை 7.2 கிராம்தான், பக்கத்திலேயே ‘அன்றாடத் தேவையில் 14 சதவீதம்’ என்று இருக்கும். படிப்பவர் ‘பரவாயில்லையே’ என்று நினைப்பார். முழுப் பொட்டலத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 43 கிராம், ஏறக்குறைய பதினொரு தேக்கரண்டி. இரண்டு குழந்தைகள் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு ஐந்தரைக் கரண்டி. ஹார்லிக்ஸ் டம்ளரும் டீயும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அந்தப் பதினான்கு சதவீதத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. நமது சட்டப்படி இந்தச் சதவீதம், நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் வயது வந்தவருக்கு 50 கிராம் சர்க்கரை என்ற அடிப்படையில் போடப்படுவது. உலக சுகாதார நிறுவனம் மேலானது என்று சொன்ன 25 கிராமை வைத்துக்கொண்டால் பதினான்கு என்பது ஏறக்குறைய இருபத்தொன்பது ஆகிவிடும். ஏழு வயதுக் குழந்தைக்கு அதைவிடவும் கூடும். ஆகவே, அச்சிட்ட சதவீதத்தை இரண்டால் பெருக்கிப் பார்ப்பது குழந்தை உள்ள வீட்டில் பாதுகாப்பு.

போர்ன்விட்டா விவகாரம்

இந்தக் கட்டத்திலுள்ள ஓர் எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நகரத்தோடு தொடர்புள்ள கதையே இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் 2023 ஏப்ரலில் ஒரு சிறு வீடியோப் படம் வெளியிட்டார். போர்ன்விட்டா டப்பாவின் பின்பக்கத்தைக் காட்டி, அதிலுள்ள சர்க்கரையைப் பற்றிப் பேசினார். இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். படம் விஞ்ஞானபூர்வமற்றது, உண்மைகளைத் திரிக்கிறது என்று கூறி நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிற்று. அவர் மன்னிப்புக் கேட்டுப் படத்தை நீக்கிவிட்டார். அதோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும், முடியவில்லை. அதே மாதம் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரையை நிறுவனம் 32.2 கிராமாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில், இவ்வகைப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக்கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அப்படியொரு வகையே நமது உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது, அந்த இளைஞர் ஏதோ ரகசியத்தை வெளியிட்டுவிடவில்லை என்பது. டப்பாவில் அச்சாகியிருந்ததைப் படித்தார், அவ்வளவே. இந்த மால்ட் பானங்கள் இந்தியாவில் மிகுதியாக விற்பனையாவது தெற்கிலும் கிழக்கிலும். தமிழ்நாட்டில் பிறந்து வங்காளத்தில் பிழைக்கும் நமக்கு இரண்டு பக்கத்துப் பழக்கமும் உண்டு.

காரத்திலும் இனிப்பு

இனிப்புத் தின்பண்டத்தில் சர்க்கரை இருப்பது எதிர்பார்க்கக்கூடியது. சானாச்சூர் வாங்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை. நம்மூர் மிக்சருக்கும் இங்குள்ள சானாச்சூருக்கும் ஒரு வித்தியாசம், புளிப்பு, காரம், இனிப்பு மூன்றும் கலந்த வகைக்கு இங்கே மவுசு அதிகம். பட்டியலின் பாதியில் சர்க்கரை எட்டிப் பார்க்கும். அளவு பிஸ்கட்டைவிட மிகக் குறைவுதான்; அங்கே உப்பும் எண்ணெயும் பெரிய வில்லன்கள். தக்காளி சாஸ், ரஸ்க், கிண்ணத்தில் வரும் மிஷ்டி தயிர், பள்ளிப் பைக்குள் போகும் டிபன் கேக் இவற்றையும் திருப்பிப் பாருங்கள். டீக்கு உகந்தது என்று பெயரெடுத்த மெல்லிய பிஸ்கட்டிலும் 100 கிராமுக்கு 20 கிராமையொட்டிச் சர்க்கரை இருப்பது சகஜம்.

திருப்பிப் பார்த்தாலும் எதுவும் இல்லாத பொட்டலங்களும் உண்டு. உறையின் மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாவிட்டால் சேர்மானப் பட்டியலும் சத்துக் கட்டமும் அதில் இருக்கவேண்டியதில்லை. பெரிய பெட்டியில் இருந்தால் போதும். குழந்தைகள் சில்லறை கொடுத்து வாங்கும் மிட்டாயும் சின்னச் சாக்லேட்டும் பெரும்பாலும் இந்த ரகம். கடைக்காரரிடம், “தாதா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், ஆனால் காட்டுவார்.

மொழியும் ஒரு தடை. விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதுமானது. ஆங்கிலம் வராத தமிழ்த் தொழிலாளிக்கும், அவரோடு வேலை செய்யும் வங்காளித் தொழிலாளிக்கும் இதில் ஒரே கஷ்டம்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம். கணக்கையும் அவர்களே போடட்டும்.

தென் அமெரிக்காவில் சிலி நாடு 2016லேயே, சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முன்பக்கத்தில் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரை குத்தச் செய்துவிட்டது. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். இந்தியாவில் 2022ல் நட்சத்திரக் குறி கொடுக்கும் திட்டத்தின் வரைவு வந்தது. அதிக சர்க்கரை உள்ள பண்டத்துக்கும் ஒன்றிரண்டு நட்சத்திரம் கிடைத்துவிடுமே என்று ஆட்சேபம் எழுந்தது. முன்பக்க எச்சரிக்கை குறித்த நிபுணர் குழுவின் பரிந்துரையை மூன்று மாதத்துக்குள் முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கூறியது; பின்னர் அவகாசம் நீட்டிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்க உத்தரவிட்டது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பலகை அது. கேந்திரிய வித்யாலயத்தில் பிள்ளை படித்தால், பலகை வந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

உறையில் கண்ட விவரம் தவறென்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

இனி மாலைப் பலகாரத்துக்கு என்ன செய்வது? வறுத்த கடலை, வேர்க்கடலை, பொரி எல்லாம் பஸ் நிலையத்துக்கு அருகிலேயே கிடைக்கின்றன. பொரி அரிசிதான் என்பதால் நீரிழிவுக்காரர் அளவோடு தின்னவேண்டும். ஜால்முரிக்காரரின் காகிதப் பொட்டலத்தில் லேபிள் கிடையாது. ஆனால் அவர் டப்பாவில் எதையெதைப் போட்டுக் குலுக்குகிறார் என்பதை எதிரே நின்று பார்த்துக்கொள்ளலாம். சானாச்சூரைக் குறைத்து, கடலையையும் வெங்காயத்தையும் கூட்டிப் போடச் சொன்னால் அப்படியே போட்டுக் கொடுப்பார்.