மென்பொருள் முகவரும் மழைக் கணக்கும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில் கரிசல் நிலம் பரந்து கிடப்பதைக் காணலாம். பருத்தி, சோளம், உளுந்து, மல்லி எல்லாம் பெரும்பாலும் மானாவாரிதான். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக் காற்றால் வருவது. அரைகுறை மழையை நம்பி விதைத்தால் முளை கருகும், விதைக்காசும் போகும். ஆகவே எவ்வளவு பெய்தது என்பது இங்கே ஊர்வம்பு அல்ல, பிழைப்பு.

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், திருச்சுழி அருகேயுள்ள தம் நிலத்தை நினைத்துக்கொண்டு, “நேற்று இரவு அங்கே விதைக்கும் அளவுக்கு மழை பெய்ததா?” என்று கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவு முகவரைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அம்முகவருக்குத் திருச்சுழி மழை எப்படித் தெரியும்? தானாகத் தெரியாது. மழைப் பதிவுகளைத் தேடித் தரும் வேறொரு மென்பொருளை அது அழைக்க வேண்டும். இத்தகைய மென்பொருளைத்தான் ‘கருவி’ என்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முகவர் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அதைப்பற்றிய விளக்கக் குறிப்பு, எந்தெந்த விவரங்களைக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஆகியவையே அதன் முன் வைக்கப்படுகின்றன. அவற்றைப் படித்து, எந்தக் கருவியை எப்படி அழைப்பது என்று அது முடிவு செய்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொது நெறிமுறையிலும் ஏற்பாடு இதுதான்.

நம் மழைக் கருவியின் குறிப்பில் “மழை அளவைத் தரும்” என்று மட்டும் எழுதியிருக்கிறது. முகவர் அழைக்கிறது, “2.5” என்று விடை வருகிறது. இரண்டரை என்ன? மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா? நம் நாட்டில் இரண்டும் புழக்கத்தில் உண்டு. சென்னை வானிலை மையம் முக்கிய மழை அளவுகளைச் சென்டிமீட்டரில் சொல்லும். மாவட்டப் பட்டியல்கள் மில்லிமீட்டரில் வரும். 2.5 மில்லிமீட்டர் என்றால் ஓர் ஏக்கரில் விழுந்த நீர் சுமார் 10,000 லிட்டர். வானிலைத் துறையின் வரையறைப்படி அதை ‘மழை நாள்’ என்று எண்ணலாம், அவ்வளவே. கரிசல் மண் அதை வாங்கிய சுவடே தெரியாது. 2.5 சென்டிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர்! ஊர்க்காரராக இருந்தால் மண்ணைக் கிள்ளிப் பார்த்து, “இது ஓர் உழவு மழைகூட இல்லை” என்று சொல்லிவிடுவார். முகவருக்குக் கிள்ளிப் பார்க்க மண் ஏது? குறிப்பில் இல்லாததை அது ஊகிக்கும். அந்த ஊகத்தைத் தயங்காமல் சொல்லவும் கூடும்.

அலகுக் குழப்பத்தை எளிதாக எண்ண வேண்டாம். ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த எண்களை மற்றொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதால்தான் 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அழிந்தது.

அடுத்தது தேதி. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. 9ஆம் தேதி இரவு கொட்டிய மழை 10ஆம் தேதிக் கணக்கில் ஏறும். இதை எழுதாவிட்டால் முகவர் 9ஆம் தேதியைக் கேட்டு, “மழையே இல்லை” என்று சொல்லிவிடும். ‘மழை இல்லை’ என்பதும் ‘பதிவு வந்து சேரவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் சுழியத்தையே தரும் கருவி ஆபத்தானது. ஊர்ப் பெயரும் தொல்லைதான்: ஆங்கில எழுத்தில் திருச்சுழியைப் பலவிதமாக எழுதுகிறார்கள்.

இனி அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதிப் பார்ப்போம்:

“ஒரு மழைமானி நிலையத்தில் ஏற்கெனவே பதிவான மழையை மில்லிமீட்டரில் தரும். முன்னறிவிப்புத் தராது. தேதி என்பது அன்று காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேரம். பதிவு வராவிட்டால் ‘பதிவு இல்லை’ என்று வரும். அதைச் சுழியமாகக் கொள்ளாதே. நிலையப் பெயர் தெரியாவிட்டால் முதலில் நிலையப் பட்டியல் கருவியை அழை.”

சில வரிகள்தாம். இன்னும் நீட்டலாமே என்று தோன்றும், வேண்டாம். ஐம்பது கருவிகள் இருந்தால் ஐம்பது குறிப்புகளையும் முகவர் சுமக்க வேண்டியிருக்கும். கருவியை யார் எழுதினார், எந்த மொழியில் எழுதினார் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை.

பிழைச் செய்தியும் குறிப்பின் ஒரு பகுதியே எனலாம். “தவறான உள்ளீடு” என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் முகவர் அதையே மறுபடி அனுப்பும். “அப்பெயரில் நிலையம் இல்லை, திருச்சுழி, அருப்புக்கோட்டை இவற்றில் ஒன்றா?” என்றால் தன்னைத் திருத்திக்கொள்ளும். பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது போன்ற செயலைச் செய்யும் கருவி என்றால் கூடுதல் கவனம் தேவை. விடை வரத் தாமதமானால் முகவர் இரண்டாம் முறை அழைக்கக்கூடும். அப்போது பணம் இரு முறை போகுமா என்பதைக் குறிப்பு சொல்லியாக வேண்டும். இரு முறை போகாதபடி கருவியையே அமைப்பது அதைவிட நல்லது.

எழுதிய குறிப்பு சரியா என்று அறிய ஒரு வழி உண்டு. ஊர்க்காரர் கேட்பது போலவே இருபது முப்பது கேள்விகளை முகவரிடம் கேட்க வேண்டும். விடையை மட்டும் பார்த்தால் போதாது. எந்தக் கருவியை, எந்த நிலையத்துக்கு, எந்தத் தேதிக்கு அழைத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். “நேற்று ராத்திரி” என்ற கேள்விக்கு இன்னும் 9ஆம் தேதியையே அது கேட்டால், தேதி பற்றிய வரிக்குப் பின்னால் “இரவு மழைக்கு மறுநாள் தேதியைக் கொடு” என்று சேர்த்துவிட்டு, அத்தனை கேள்விகளையும் மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டும்.