ஜாவா பயன்பாட்டு வழங்கி: நிர்வாகமும் கண்காணிப்பும்

ஜாவா பயன்பாட்டு வழங்கி என்பது ஜாவா மொழியில் எழுதப்பட்ட வலைச் செயலிகளை இயக்கும் மென்பொருள் ஆகும். செயலிக்குத் தேவையான நினைவகம், இழைகள், தரவுத்தள இணைப்புகள், பாதுகாப்பு ஆகியவற்றை இது பொதுவாகக் கவனித்துக்கொள்கிறது. வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு முன்பதிவு, கல்லூரிச் சேர்க்கை போன்ற சேவைகளைத் திரையில் காண்பவருக்கு வழங்கி கண்ணில் படுவதில்லை. அது நின்றுபோகும்போதுதான் அப்படி ஒன்று இருந்தது தெரியவருகிறது.

அப்பாச்சி டாம்கேட், வைல்டுஃபிளை, கிளாஸ்ஃபிஷ், ஆரக்கிளின் வெப்லாஜிக், ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இவற்றுள் டாம்கேட் முழுமையான பயன்பாட்டு வழங்கி அன்று. சர்வ்லெட் கொள்கலன் என்பதே சரியான பெயர். ஆயினும் நடைமுறையில் எல்லோரும் அதையும் பயன்பாட்டு வழங்கி என்றே சொல்கின்றனர். இக்கட்டுரையும் அவ்வாறே கொள்கிறது.

செங்கல்பட்டு மாவட்டமும் இத்துறையும்

இந்த மென்பொருள்களைக் கண்காணிக்கும் கருவிகளுள் ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உருவாகிறது என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில், எஸ்டான்சியா வளாகத்தில் சோகோ நிறுவனம் இயங்குகிறது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் 1996-இல் தொடங்கியபோது அதன் பெயர் அட்வென்ட்நெட். ஜாவா மொழியின் முதல் பதிப்பு வெளிவந்ததும் அதே 1996-இல்தான். வலையமைப்புச் சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருள்களை ஜாவாவில் எழுதுவதே அந்நிறுவனத்தின் தொடக்ககாலத் தொழில். 2002-இல் மேனேஜ்எஞ்சின் என்ற பிரிவு தோன்றியது. 2009-இல் நிறுவனத்தின் பெயர் சோகோ கார்ப்பரேஷன் என மாறியது.

மேனேஜ்எஞ்சின் பிரிவின் அப்ளிகேஷன்ஸ் மேனேஜர் என்னும் கருவி, டாம்கேட், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் முதலிய வழங்கிகளை இடைவெளிவிட்டு விசாரித்து அவற்றின் நிலையைப் பதிவு செய்கிறது. அந்தக் கருவியே ஜாவாவில் எழுதப்பட்டு, டாம்கேட் மீது இயங்குவது. ஆகவே நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கும் அதே நோய் வரக்கூடும். இது பின்னால் தேவைப்படும் செய்தி.

கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், செங்கல்பட்டை ஒட்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டியும் உள்ளன. பிற நாடுகளில் இயங்கும் வழங்கிகளை இரவுப் பணியில் அமர்ந்து கவனிப்பது இப்பகுதி இளைஞர் பலரின் அன்றாட வேலை.

நினைவகம்

ஜாவா நிரல் நேரடியாகக் கணினியில் ஓடுவதில்லை. ஜாவா மெய்நிகர் பொறி என்னும் அடுக்கின் மீது ஓடுகிறது. நிரல் உருவாக்கும் பொருள்கள் குவியல் என்ற நினைவகப் பகுதியில் வைக்கப்படுகின்றன. குவியலின் உச்ச அளவை நிர்வாகி தொடக்கத்திலேயே 'எக்ஸ்எம்எக்ஸ்' என்னும் அளவுருவால் குறித்துவிடுகிறார். பயன்பாடு முடிந்த பொருள்களைக் குப்பை சேகரிப்பான் அவ்வப்போது அகற்றுகிறது. 2017-இல் வந்த ஜாவா 9 முதல் ஜி1 என்னும் சேகரிப்பான் இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது.

நலமாக இருக்கும் வழங்கியின் குவியல் வரைபடம் ரம்பப் பற்களைப் போல் இருக்கும். பயன்பாடு ஏறும், சேகரிப்பான் வந்ததும் சட்டென இறங்கும், மீண்டும் ஏறும். உச்சியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒவ்வொரு சேகரிப்புக்குப் பின்னும் எஞ்சும் அடிமட்டம். திங்களன்று 600 மெகாபைட், செவ்வாயன்று 750, புதனன்று 900 என அடிமட்டம் உயர்ந்துகொண்டே போனால், நிரல் எங்கோ பொருள்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். இதற்கு நினைவகக் கசிவு என்று பெயர்.

கசிவு என்ற இச்சொல் மாணவர்களைக் குழப்புவதுண்டு. மதுராந்தகம் ஏரியின் கரை கசிந்தால் நீர்மட்டம் குறையும். நினைவகம் கசிந்தால் பயன்பாட்டு மட்டம் உயரும். கசிந்து போவது வெற்றிடம் என்று எண்ணிக்கொண்டால் குழப்பம் தீரும். வெற்றிடம் முழுதும் தீர்ந்ததும் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற பிழையுடன் செயலி விழுகிறது. விழுவதற்கு முன் சேகரிப்பான் ஓயாமல் உழைத்து, ஒவ்வொரு முறையும் எல்லா இழைகளையும் நிறுத்திவைக்கும். அப்போது பயனர் கண்ணுக்கு வழங்கி உறைந்து உறைந்து ஓடுவதாகத் தோன்றும்.

குவியலின் அளவைக் கூட்டிவிடுவது பலர் செய்யும் முதல் வைத்தியம். உண்மையான கசிவு இருந்தால் அது விழும் நாளைத் தள்ளிப்போடுமே தவிர வேறொன்றும் செய்யாது.

இழைகளும் இணைப்புகளும்

வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஓர் இழை எடுத்து முடிக்கிறது. டாம்கேட்டில் இழைகளின் இயல்பான உச்ச எண்ணிக்கை 200. அத்தனையும் வேலையில் இருந்தால், புதிதாக வருவோர் வரிசையில் நிற்பர். டாம்கேட் ஏற்கும் இணைப்புகளின் உச்ச வரம்பும் நிரம்பினால், அதன்பின் வருவோர் நிற்கும் வரிசையின் இயல்பான நீளம் 100. அதற்கும் மேல் வருபவருக்கு இணைப்பு மறுக்கப்படலாம். கல்யாணப் பந்தியில் 200 இலை போட்டு, மற்றவர்களை வாசலில் நிற்க வைப்பதைப் போன்றது இது.

எத்தனை இழைகள் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நொடிக்கு வரும் கோரிக்கைகளை, ஒரு கோரிக்கை எடுக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஒரு தளத்திற்கு நொடிக்கு 50 கோரிக்கைகள் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 0.2 நொடியில் முடிந்தால் 50 × 0.2 = 10 இழைகளே போதும். 190 இழைகள் சும்மா இருக்கும். தரவுத்தளத்தில் ஒரு வினவல் மெதுவாகி, கோரிக்கைக்கு 4 நொடி ஆகத் தொடங்கினால்? 50 × 4 = 200. வந்த கூட்டம் அதேதான். ஆனால் ஓர் இழைகூட மிச்சமில்லை.

பெரும்பாலான 'வழங்கி விழுந்துவிட்டது' என்ற கதைகளின் உள்ளே இருப்பது இந்தக் கணக்குதான். கூட்டம் அதிகமானதால் விழுந்தது என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. மையச் செயலகம் பத்து விழுக்காடு வேலைகூடச் செய்யாமல் இருக்க, எல்லா இழைகளும் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் கைகட்டி நிற்பதும் நடக்கும். எனவே செயலகப் பயன்பாட்டை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். வேலையிலுள்ள இழைகளின் எண்ணிக்கை, தரவுத்தள இணைப்புக் குளத்தில் எடுக்கப்பட்டுள்ள இணைப்புகள், இணைப்புக்காகக் காத்திருப்போர் ஆகிய மூன்றையும் ஒரே திரையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சராசரியும் ஏமாற்றும். 100 கோரிக்கைகளில் 95 கோரிக்கைகள் 0.1 நொடியிலும், மீதி 5 கோரிக்கைகள் 8 நொடியிலும் முடிந்தால், சராசரி 0.495 நொடி. அரை நொடிகூட இல்லை, பரவாயில்லை என்று தோன்றும். எட்டு நொடி காத்திருந்த ஐந்து பேரை அந்த எண் மறைத்துவிடுகிறது. ஆதலால் சராசரியோடு, மிக மெதுவான ஐந்து அல்லது ஒரு விழுக்காட்டின் நேரத்தையும் தனியாகப் பார்ப்பதே நல்ல வழக்கம்.

உள்ளே எட்டிப் பார்க்கும் வழி

ஜாவா தனக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு முறையை வைத்துள்ளது. ஜேஎம்எக்ஸ் எனப்படும் அம்முறை, 2004-இல் வந்த ஜாவா 5 முதல் அடிப்படைத் தொகுப்பின் பகுதியாக உள்ளது. நினைவகம், இழைகள், இணைப்புக் குளம் ஆகிய ஒவ்வொன்றும் எம்பீன் என்னும் சிறு பொருளாக நின்று, கேட்பவருக்குத் தன் எண்களைச் சொல்கிறது. கண்காணிப்புக் கருவிகள் பெரும்பாலும் இந்த எம்பீன்களிடம் கேட்டே வரைபடம் வரைகின்றன. விலை கொடுத்துக் கருவி வாங்க இயலாத மாணவர், ஜாவாத் தொகுப்புடன் இலவசமாக வரும் ஜேகன்சோல், ஜேஸ்டாட், ஜேஸ்டாக் ஆகியவற்றைக் கொண்டே இவை அனைத்தையும் சொந்தக் கணினியில் பழகலாம்.

இவற்றுள் ஜேஸ்டாக் தனிக் கவனத்திற்குரியது. அந்தக் கணத்தில் ஒவ்வோர் இழையும் எந்த நிரல்வரியில் நிற்கிறது என்பதை அது எழுதித் தருகிறது. ஒன்று எடுத்தால் போதாது. பத்து நொடி இடைவெளியில் மூன்று எடுத்து ஒப்பிட வேண்டும். மூன்றிலும் ஒரே வரியில் ஓர் இழை நின்றால் சிக்கல் அங்கே இருக்க வாய்ப்பு மிகுதி. இரண்டு இழைகள் ஒன்றுக்கொன்று பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால், அதையும் ஜேஸ்டாக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

நள்ளிரவில் வழங்கி உறைந்தால், உடனே அணைத்துப் போடத்தான் கை போகும். அணைத்துப் போட்டால் வழங்கி எழுந்துவிடும். ஏன் உறைந்தது என்பதற்கான தடயம் முழுவதும் அழிந்துவிடும். மறுநாள் அதே நேரத்தில் அது மீண்டும் உறையும். மூன்று ஜேஸ்டாக் எடுக்க அரை நிமிடம்தான். அதை எடுத்த பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்ற விதியைப் பணிமேசையில் எழுதி ஒட்டலாம்.

எச்சரிக்கை எல்லைகளையும் பார்த்து வைக்க வேண்டும். செயலகம் ஒரே ஒருமுறை 90 விழுக்காட்டைத் தொட்டதற்கெல்லாம் கைப்பேசி ஒலித்தால், ஒரு வாரத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். தொடர்ந்து மூன்று முறை எல்லை மீறினால் மட்டும் ஒலிக்கும்படி அமைப்பது வழக்கம்.

பார்க்கப்படாத பதிவேடு: 2021

மெதுவாதலும் நின்றுபோதலும் மட்டுமே நிர்வாகியின் கவலை அல்ல. கருவியைப் பற்றி மேலே சொன்ன செய்தி இங்கே வருகிறது. மேனேஜ்எஞ்சினின் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்பது ஊழியர்கள் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள். அதுவும் டாம்கேட் மீது இயங்கும் ஜாவாச் செயலி. 2021 செப்டம்பரில் அதில் ஒரு கடுமையான ஓட்டை வெளிப்பட்டது. தீவிர அளவு பத்துக்கு 9.8. உள்நுழையாமலேயே சில முகவரிகளை அணுகி, சான்றிதழ்க் கோப்பு போல வேடமிட்ட நிரல் ஒன்றை வழங்கியில் ஏற்றிவிட முடிந்தது. நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. அணுகல் பதிவேட்டில் குறிப்பிட்ட சில முகவரிகள் உள்ளனவா என்று தேடிப் பார்க்கும்படியும் பயனர்களுக்கு அறிவுறுத்தியது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்க அரசு அமைப்புகள் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன.

பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு அந்தத் திருத்தத்தை உரிய நேரத்தில் நிறுவவில்லை. நவம்பர் 9 அன்று ஊடுருவியவர்கள் உள்ளே வந்தனர். 2022 சனவரி 18 அன்றுதான் அது தெரியவந்தது. இடையில் 70 நாள்கள். ஏற்கெனவே திட்டமிட்டிருந்த புதிய கண்காணிப்பு மென்பொருளை வழங்கிகளில் நிறுவியதே அதைக் காட்டிக்கொடுத்தது. 515,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அந்த வழங்கிகளில் இருந்தன. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோரின் பெயர்களும் இருப்பிடங்களும் அவை. உறவினரைத் தேடித் தரும் பணி அதனால் தடைப்பட்டது. நடந்ததையும் தன் தவற்றையும் குழு 2022 பிப்ரவரியில் வெளிப்படையாக அறிவித்தது பாராட்டுக்குரியது. பல அமைப்புகள் இவ்வளவு சொல்வதில்லை.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் பதிவேட்டு நூலகத்திலும் ஓட்டை வெளிப்பட்டது. அதன் தீவிர அளவு பத்துக்குப் பத்து. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொற்றொடரே வெளியிலிருந்து நிரலை இழுத்துவந்து இயக்கிவிடும் நிலை. அந்நூலகம் தம் செயலியில் உள்ளதா என்பதே பல நிர்வாகிகளுக்குத் தெரியாமல் இருந்தது. எந்த வழங்கியில் எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு உள்ளது என்ற பட்டியல், வரைபடங்களைப் போலவே கண்காணிப்பின் ஒரு பகுதி.

செய்யக்கூடியவை சிக்கலானவை அல்ல. வழங்கியைத் தலைமைப் பயனர் உரிமையில் இயக்கக் கூடாது. நிர்வாகப் பக்கத்தையும் ஜேஎம்எக்ஸ் வாயிலையும் இணையத்திற்குத் திறந்துவைக்கக் கூடாது. டாம்கேட்டுடன் வரும் மாதிரிச் செயலிகளை நீக்கிவிட வேண்டும். அணுகல் பதிவேட்டை நாள்தோறும் வேறொரு கணினிக்கு நகலெடுக்க வேண்டும். உள்ளே வந்தவர் முதலில் அழிப்பது அதைத்தான்.

கண்காணிப்பவர் இருக்கும் இடம்

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய இரவுகளில் கரையோரத்தில் மின்சாரம் முன்னெச்சரிக்கையாக நிறுத்தப்படும். கம்பி வழி இணையமும் அறுந்துபோகலாம். வழங்கியும் அதைக் கண்காணிக்கும் கருவியும் ஒரே கட்டடத்தில், ஒரே மின்னிணைப்பில் இருந்தால், இரண்டும் ஒன்றாகவே அணையும். எச்சரிக்கை அனுப்பக் கருவி உயிரோடு இருக்காது. பொறுப்பாளரின் கைப்பேசிக்கு எந்தச் செய்தியும் வராது. செய்தி வராததை அவர் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வார்.

இதற்கு எதிர்த்திசை முறை பயன்படுகிறது. வழங்கி நிமிடத்திற்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று தொலைவிலுள்ள மற்றோர் ஊரின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் தொடர்ந்து மூன்று நிமிடம் வரவில்லையென்றால், தொலைவிலுள்ள கணினி எச்சரிக்கை எழுப்பும். இதயத்துடிப்பு என்பது இதன் பெயர். கண்காணிப்புக் கருவிக்கும் இப்படி ஒரு துடிப்பு அமைக்க வேண்டும். அந்த எச்சரிக்கை போய்ச் சேரும் கைப்பேசி எண்களில் ஒன்றாவது புயல் பாதையில் இல்லாத ஊரில் வசிப்பவருடையதாக இருப்பது நல்லது.